ஏரோநாட்டிக்கல் முடித்தவள் விமானம் ஓட்டப் போனால்

விமானப் பொறியியல் வேலையில் இருக்கும் பெண் தனியார் பைலட் உரிமத்துக்குப் போனால் முதலில் இடறுவது காற்றியக்கவியலில் அல்ல, இனிஷியலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அதுவே அப்பா பெயராக விரிந்திருக்கும். கல்யாணமானவர் என்றால் ஆதாரில் கணவர் பெயர். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுக்கு, 'கணினி எண்' எனும் தேர்வர் அடையாள எண் கேட்டு விண்ணப்பிக்கும்போது இதெல்லாம் சிக்கலாகும். உரிமத்தில் எந்தப் பெயர் வரவேண்டும் என்று முடிவு செய்து, மற்ற ஆவணங்களை அதற்கேற்பத் திருத்திய பிறகே விண்ணப்பியுங்கள்.

அடுத்தது மெடிக்கல். தனியார் உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதிவிடுவார்கள். அது ஏற மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், முன்கூட்டியே வெளியில் ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

எழுத்துத் தேர்வில் 70 சதவீதம் வேண்டும். எஞ்சின், இறக்கை பற்றிய கேள்விகளை எஞ்சினியர்கள் ஊதித் தள்ளிவிடுவார்கள். கோட்டைவிடுவது விதிமுறைப் பகுதியில். அதில் யோசித்து விடை வராது, மனப்பாடம்தான்.

குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். பயிற்சி விமானம் செஸ்னா 172 என்றால் உயரம் குறைந்தவர்கள் முதலில் இருக்கையைச் சரிசெய்ய வேண்டும். மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் பெடலைக் காலால் முழுக்க அழுத்த முன்னே தள்ளி உட்கார்ந்தாலும், முன்பலகை ஓடுபாதையை மறைக்கும். அடியில் ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று குஷன் வையுங்கள். தினமும் அதே குஷன்கள்தான். கண்மட்டம் மாறினால் ஓடுபாதை தெரியும் விதம் மாறி, ஃபிளேர் (இறங்கும்போது தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்குவது) மேலேயோ தாமதமாகவோ போய்விடும். இருக்கையைப் பூட்டும் ஊசி, தண்டவாளத் துளையில் விழுந்ததா என்று உலுக்கிப் பாருங்கள். மூக்கைத் தூக்கும் நேரத்தில் இருக்கை பின்னால் சறுக்கினால் கை, யோக் எனும் கட்டுப்பாட்டுப் பிடியையும் சேர்த்து இழுத்துவிடும், அடுத்தது ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது).

எரிபொருளுக்கு கேஜை நம்பாமல் ஏணி போட்டு ஏறி, இறக்கையிலுள்ள தொட்டியில் அளவுகோல் விட்டுப் பாருங்கள். 172எஸ் மாடலில், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று எரிபொருளை வடித்துப் பார்க்கும் இடங்கள் 13. வடித்த குப்பியில் தண்ணீரையும் எரிபொருளையும் பிரிக்கும் கோடு தெரியவில்லை என்றால் சுத்தம் என்று அர்த்தமில்லை, முழுக்கத் தண்ணீராகவே இருந்தாலும் கோடு தெரியாது. 100எல்.எல். எனும் விமானப் பெட்ரோல் நீலமாக இருக்கும்; வெள்ளைப் பின்னணியில் பிடித்து நிறத்தைப் பாருங்கள்.

படித்த படிப்பு உண்மையில் உதவும் இடம் பெங்களூரு வெயில். ஊரின் உயரம் சுமார் 3000 அடி. அந்த உயரத்துக்குக் கணக்கில் எடுக்கும் நியம வெப்பநிலை 9 டிகிரி; வெளியே 35 என்றால் 26 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி வீதம் அடர்த்தி உயரம் (காற்றின் அடர்த்திப்படி விமானம் உணரும் உயரம்) 6100 அடியைத் தாண்டும். மூக்கைத் தூக்க வேண்டிய 55 நாட் (மணிக்கு 55 நாட்டிகல் மைல்) வேகத்தை மீட்டர் காட்டும்போது உண்மை வேகம் சுமார் 60. தரை வேகமாக ஓடுவதைப் பார்த்து, இன்னும் கிளம்பவில்லையே என்று சீக்கிரம் இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். கணக்குப் போட்ட அதே ஆள்தான் காக்பிட்டில் அதை மறக்கிறார்!

படிப்பே காலை வாரும் இடமும் உண்டு. எஞ்சினியர்களுக்கு முள்ளைத் துரத்தும் பழக்கம். செங்குத்து வேக மீட்டர் சில விநாடி பின்தங்கியே உண்மையைச் சொல்லும். அதைப் பார்த்துத் திருத்தினால் திருத்தத்துக்கே திருத்தம் போட்டு விமானம் மேலும் கீழுமாக அலையும். சில பயிற்றுநர்கள் பேனலையே காகிதத்தால் மூடிவிடுவார்கள். அடிவானத்தைப் பார்த்து மூக்கை நிறுத்தி, பிறகு டிரிம் செய்தால் (கை அழுத்தம் இல்லாமலே அந்த நிலை நிற்கும்படி சரிசெய்தால்) முள் தானாக வந்து சேரும். முழு விசையில் விமானம் இடப்பக்கம் திரும்பும். அதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவரின் வலது கால்கூட, ரடர் பெடலை அழுத்தி அதைச் சரிசெய்ய ஆரம்பத்தில் அசைவதில்லை.

தனியே 150 நாட்டிகல் மைல் பறந்து, வழியில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நிற்கும் பயணம் கடைசியில் வரும். மழைக்காலத்துக்கு அதைத் தள்ளினால் வாரங்கள் போகும். பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் ஒவ்வொரு பக்கக் கூட்டலையும் முதலில் பென்சிலில் போட்டுச் சரிபாருங்கள், பயிற்றுநரின் கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள். அவர் ஏர்லைனுக்குப் போய்விட்டால் ஒரு கையெழுத்துக்காக ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கும்.