மூட்டை கட்டியாச்சு, எடுத்துப் போகத்தான் ஆளில்லை

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊர்ச் சாலையோரத்தைச் சுத்தம் செய்து மரம் வைத்த கதை இது. ஆள் திரட்டியது, மண்வெட்டி, கோணிப்பை, டீச்செலவு எல்லாம் வாட்ஸப் குழுவிலேயே முடிந்தது. எங்களைப் படுத்தியெடுத்தது கையெழுத்தும் வண்டியும்தான்.

குழி தோண்டி மரம் வைக்க அனுமதி வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் "அது ஹைவேஸ் ரோடுங்க" என்றார்கள். நெடுஞ்சாலைத் துறை எழுத்தரோ தலையை நிமிர்த்தாமலே "பஞ்சாயத்துல கேளுங்க" என்றார். இப்படிப் பந்தாடப்பட்டுக் கொண்டிருந்தபோது வாசலில் நின்ற சாலைப் பணியாளர் ஒருவர்தான் கேட்டார்: "கிலோமீட்டர் கல்லுல என்ன கலர் அடிச்சிருக்குதுங்க?" கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கருப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. எங்களுடையது பச்சை. கல்லைப் போட்டோ எடுத்து மனுவோடு இணைத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் ஆபீசில் கொடுத்தோம். மனு எண்ணோடு போனதும் அதே எழுத்தர் நாற்காலியைக் காட்டினார். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபைத் தீர்மானமும் கேட்பார்கள். சபை கூடுவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 முறை. எங்களுக்கு மே 1 கைவிட்டுப் போனதால் சுதந்திர தினம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்புறம் பொறியாளர் நேரில் வந்து பார்த்தார். தார் விளிம்பை ஒட்டி வைக்கக் கூடாது, மின்கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் மரம் கூடாது, வளைவில் எதிரே வருவதை மறைக்கக் கூடாது என்றார். எல்லாம் நியாயம்தான்.

குப்பை பொறுக்க இந்த அனுமதியெல்லாம் தேவைப்படவில்லை என்பதால் அதை முன்பே தொடங்கியிருந்தோம். நிஜமான கூத்து அங்கேதான். எங்கள் சாலையில் இந்தப் பக்கம் பேரூராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி. "காலைல வண்டி வந்துருமுங்க" என்று போனில் உறுதி சொன்னதை நம்பி மூட்டைகளை ஓரமாக அடுக்கினோம். வண்டி வரவில்லை. கேட்டால் "மூட்டை எந்தப் பக்கம் இருக்குதுங்க?" என்கிறார்கள். அடுக்கி வைத்ததைக் குப்பைமேடு என்று நினைத்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் போகிறவர்கள் தங்கள் வீட்டுப் பையையும் வீசிவிட்டுப் போனார்கள். ஒரு ராத்திரி யாரோ தீ வைத்ததில் பக்கத்து வேப்பமரத்தின் அடிப்பட்டை கருகிப்போனது. மறுநாள் எங்களுக்குத்தான் போன்: "ஏனுங்க, குப்பையக் கொண்டுவந்து கொட்டுனது நீங்கதானுங்களா?" இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே சொல்கிறேன், வண்டி வந்து நின்ற பிறகு துடைப்பத்தை எடுங்கள். அடுத்த முறை தோப்புக்காரர் ஒருவரிடம் டிராக்டர் கேட்டு வாங்கினோம். குப்பைக் கிடங்கில் தரம் பிரிக்காமல் வாங்க மாட்டார்கள் என்பதால் சாலையோரத்திலேயே பிரித்தோம். இளநீர்க் கூடுகளைத் தோப்புக்காரரே தென்னைக்கு மூடாக்குப் போட எடுத்துக்கொண்டார். கடை ஸ்டிக்கர் ஒட்டிய மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். அதற்கு மட்டும் இளைஞர்களிடையே நல்ல போட்டி! ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகும் கோழிக் கழிவுதான் கொடுமை. மூட்டையைப் பிரித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படியே ஆழக் குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடிவிடுங்கள். துணிக் கையுறை உடைந்த கண்ணாடிக்குத் தாங்காது, ரப்பர் பூசியது வாங்குங்கள். செருப்போடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கன்றுகள் வனத்துறை நாற்றங்காலில் சிரமமில்லாமல் கிடைத்தன. புங்கனும் பூவரசும் வைத்தோம். கூண்டு இல்லாத கன்றையெல்லாம் வெள்ளாடு மேய்ந்துவிட்டது. கூண்டுக்குள் இருந்தவற்றிலும் சில, கேபிள் பதிக்க வந்த பொக்லைனுக்குப் போயின. பள்ளம் தோண்டியவர்களிடம் எங்கள் அனுமதிக் கடிதத்தை நீட்டினால், அவர்களும் பதிலுக்கு ஒன்றை நீட்டினார்கள். இரண்டும் ஒரே ஆபீஸ் முத்திரை. அதனால் அனுமதி வாங்கும்போதே அந்தப் பாதையில் கேபிள், குடிநீர்க் குழாய், சாலை அகலப்படுத்தல் ஏதாவது வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குப்பை அதிகம் விழுந்த திருப்பத்தில் மட்டும் அரளி வைத்தோம். ஆடு வாய் வைக்காது, பூவும் கொத்துக் கொத்தாக வருகிறது. பக்கத்துத் தெருப் பெண்கள் அந்த இடத்தைக் கூட்டி வெள்ளிக்கிழமைதோறும் கோலம் போட ஆரம்பித்தார்கள். கோலத்தின் மேல் பையை வீச யாருக்கும் கை வரவில்லை. நூறு அடி தள்ளிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீசுகிறார்கள். அது முழுக்க ஊராட்சி எல்லை. இந்த முறை வண்டிக்கு யாரைக் கேட்பது என்பதிலாவது குழப்பமில்லை.