கறுத்த ஒயில் எல்லாம் கெட்ட ஒயில் இல்லை

ஜெனரேட்டரின் டிப்ஸ்டிக்கை (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பி) இழுத்து, ஒயிலை விரலில் தேய்த்து, மூக்கருகே பிடித்துவிட்டு "இன்னும் ஓடும் அண்ணை" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் மட்டுமல்ல, எங்கள் தொடர்மாடியிலும் இருக்கிறார்கள். டீசல் என்ஜினில் புது ஒயில் ஊற்றிக் கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும். கரியைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. ஒயில் கெட்டதைக் காட்டும் அமிலமோ நிறத்தில் தெரியாது.

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது ஜெனரேட்டர்கள் நாள் முழுக்க ஓடின. இப்போது அதே இயந்திரங்கள் சும்மா நிற்கின்றன, இடைக்கிடை பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்துகிறோம், என்ஜின் சரியாகச் சூடேறுவதே இல்லை, டீசல் எரிந்து உண்டாகும் நீராவி உள்ளேயே தங்கி ஒயிலில் சேர்கிறது. அந்தத் தண்ணீரோடு டீசலிலுள்ள கந்தகம் எரிந்து வருவதும் சேர்ந்தால் அமிலம்தான். ஆகவே ஓடிய மணித்தியாலக் கணக்கை மட்டும் பார்த்து ஒயில் மாற்றுவது கொழும்பு ஜெனரேட்டருக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

தண்ணீரை நாமே பார்க்கலாம். 160 பாகை செல்சியஸ் அளவில் சூடான இரும்புத் தட்டில் ஒரு சொட்டு விடுங்கள் (பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு). நல்ல ஒயில் சத்தமில்லாமல் பரவும், தண்ணீர் இருந்தால் குமிழி கிளம்பி, கடுகு தாளித்தமாதிரி வெடிக்கும். சுமார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இது ஏமாற்றிவிடும், அதற்கு ஆய்வுகூடத்தில் கார்ல் ஃபிஷர் சோதனைதான்.

அமிலத்துக்கு ஆய்வுகூட அறிக்கையில் இரண்டு எண்கள். டிபிஎன், அமிலத்தைச் சமாளிக்க ஒயிலில் மிச்சமிருக்கும் காரம். புது டீசல் என்ஜின் ஒயிலில் பெரும்பாலும் 10 அளவில் இருக்கும், பாதிக்கு இறங்கினால் மாற்றிவிடுங்கள். டிஏஎன், சேர்ந்திருக்கும் அமிலம். புது ஒயிலிலும் இது பூச்சியம் இல்லை, சேர்க்கைப் பொருட்களே கொஞ்சம் காட்டும். அதனால் அதே ஒயிலின் புது மாதிரி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அறிக்கையை எதோடு ஒப்பிடுவது?

அதே அறிக்கையில் சிலிக்கன் ஏறியிருந்தால் தூசி உள்ளே போகிறது, எயார் ஃபில்டரைப் பாருங்கள். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒயிலுக்குள் கசிகிறதோ என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் மாதிரி எடுக்கும் விதம். என்ஜினைச் சூடாக்கி, வடியும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். ஆய்வுகூடம் தரும் உலர்ந்த போத்தல்தான் வேண்டும். கழுவின ஷாம்பு போத்தலில் கொண்டுபோனால் தண்ணீரும் இருக்கும், சோடியமும் இருக்கும், அந்த அறிக்கையை நம்பி, கூலன்ட் கசிவு என்று யாராவது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றவும் தொடங்கிவிடுவார்கள்.