அம்மாவின் முட்டியும் ஒன்பது வரி மனுவும்

ஜனவரி 4, 2025, சனி

நேற்று இரவு பன்னிரண்டரைக்குத்தான் வீடு வந்து சேர்ந்தோம். திருவனந்தபுரத்தில் இறங்கியதிலிருந்து தக்கலை வரைக்கும் அம்மா காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாகக் களியக்காவிளை தாண்டியதும் "அப்பாடா, நம்ம ஊரு" என்பாள். நேற்று அதுவும் இல்லை. கையில் ஜெபமாலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

தம்பி வீட்டில் கிறிஸ்துமஸ், குழந்தையின் ஞானஸ்நானம் எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. திரும்பும்போது நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டியிருந்தது. இரண்டும் தனித்தனி டிக்கெட், அதனால் வெளியே வந்து மறுபடியும் சோதனைக்கு நிற்க வேண்டும். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை.

அம்மாவுக்கு 2022-இல் இரண்டு முட்டியும் மாற்றினார்கள். உள்ளே உலோகம். வாசல்நிலை மாதிரி நிற்கும் அந்தக் கருவிக்குள் போனால் கத்தத்தான் செய்யும். அது தெரிந்துதான் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தாள். போகும்போது பிரச்சினை ஒன்றும் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு பெண் காவலர் கைக்கருவியை முட்டிக்கு நேரே காட்டி "ஆப்பரேஷனாணோ அம்மே?" என்று கேட்டார், தடவிப் பார்த்தார், முடிந்தது.

திரும்பும்போது கருவி கத்தியதும், அங்கே நின்ற பெண் அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். இந்தியில் ஏதோ சத்தம் போட்டார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, கடிதத்தை நீட்டினாள். வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தட்டில் எறிந்துவிட்டு, மறைப்புக்குள் கூட்டிப்போய்ச் சேலையைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் அடுத்த ஆளாக நின்றுகொண்டிருந்தேன். திரைச்சீலை பாதிதான் மூடியிருந்தது. மேலே கம்பியில் மூன்று வளையங்கள் கழன்று, துணி ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளிக்கு நேரே ஆண்கள் வரிசை. முட்டியின் மேலிருந்து கீழ்வரை பூரான் மாதிரி ஓடும் தழும்பு. எனக்கே அம்மா அதைச் சரியாகக் காட்டியதில்லை.

திரையை மூடச் சொன்னேன், இங்கிலீஷில்தான் சொன்னேன். பதிலுக்கு ஒரு அதட்டல். நாலடி தள்ளி மேற்பார்வையாளர் மாதிரி ஒருவர் நின்றிருந்தார். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பெயரையாவது பார்த்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் அம்மாவின் செருப்பைத் தட்டிலிருந்து எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

கோயிலுக்கு அம்மா வரவில்லை. முட்டி வலிக்கிறதாம்.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் எக்ஸ் தளத்தில் போட்டுவிடலாம் என்கிறார். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் கனிமொழி, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசச் சொன்னபோது "நீங்கள் இந்தியரா" என்று கேட்டார்களே, அவர் அதை எழுதியதும் விசாரணை வந்ததே என்று ஆதாரம் காட்டினார். அடுத்த வருஷம் சுதா சந்திரன், ஒவ்வொரு தடவையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று வீடியோ போட்டதும் மன்னிப்பு வந்ததே என்றார். சரி, ஒருவர் எம்.பி., இன்னொருவர் நடிகை. என்னைப் பின்தொடர்பவர்கள் 112 பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள்.

போனிலேயே ஒரு புகார் எழுதினேன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. அச்செடுத்தால் மூன்று பக்கம். அதை விமானக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.

ஜனவரி 6, திங்கள்

பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். தாலுகா ஆபீஸில் 31 வருஷம் இருந்தவர். திங்கள்கிழமை மனுநாள் என்றால் இன்னும் காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவாராம், பெரியம்மா சிரிக்கிறாள். கட்டன் சாயா வந்தது. மூன்று பக்கத்தையும் வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பால்பேனாவோடு உட்கார்ந்தார்.

"மக்களே, இது என்னைக்கு நடந்தது?"

"மூணாம் தேதி பெரியப்பா. எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்க. மூணாவது பக்கத்துல. இதப் பாக்குகவன் மேஜையில இன்னைக்கு நாப்பது கடுதாசி கிடக்கும். மொத மூணு வரியில நாளும் இடமும் நேரமும் இல்லேன்னா அடியில சொருகிப்போடுவான். நானே சொருகியிருக்கேன்."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

பிறகு பேனா ஓட ஆரம்பித்தது. 'மனிதாபிமானமே இல்லாத' போயிற்று. 'திமிர்' போயிற்று. 'வடக்கத்திக்காரர்கள்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன், அதை மட்டும் இரண்டு தடவை அடித்தார். இந்த வார்த்தை இருந்தால் பதில் அந்த வார்த்தைக்குத்தான் வரும், திரைச்சீலைக்கு வராது என்றார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் அவர் சொன்னது சரி என்பது அடித்த கோட்டைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். உன் புகார் விதி மேலயா, ஆள் மேலயா? எனக்கு வித்தியாசம் புரியவில்லை. பக்கத்து வீட்டுச் சாமியை உதாரணம் காட்டினார். இருமுடித் தேங்காயைக் கையோடு விமானத்தில் கொண்டுபோக முன்பு விட மாட்டார்கள். அதற்காக வாசலில் நிற்கும் காவலரிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை, அவர் போட்ட விதி இல்லை அது. விதி போடுவது டெல்லியில் இருக்கும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார்கள், போன அக்டோபரில் தளர்த்தினார்கள், இந்த மாதம் 20-ஆம் தேதி வரைக்கும் சபரிமலை போகிறவர்கள் கொண்டுபோகலாம். அது விதி மேல் புகார். உன் அம்மையைச் சோதித்ததே தப்பு என்று எழுதினால் அதுவும் விதி மேல் புகார், அதில் நீ தோற்றுப்போவாய் என்றார்.

உண்மைதான். ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தாலும் சோதனை உண்டு, கருவி ஏன் கத்துகிறது என்று விளக்கத்தான் கடிதம். ஆனால் பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், மறைவில் சோதிக்க வேண்டும். அந்த மறைவு அன்று இல்லை. என்னுடைய புகார் அவ்வளவுதான். மூன்று பக்கத்தில் அது எங்கேயோ நடுவில் அரை வரியாகக் கிடந்தது.

"ஒனக்கு என்ன வேணும்?" என்று கடைசியாகக் கேட்டார்.

"அவளை வேலையை விட்டுத் தூக்கணும்."

"அதச் சொன்னா ஒருத்தனும் பதில் எழுத மாட்டான். அவன் கையால செய்யக்கூடியதக் கேளு."

ஜனவரி 7, செவ்வாய்

நேரம் தெரியாமல் தவித்தேன். நாலரை இருக்கும், ஐந்து இருக்கும் என்று எழுதினால் பெரியப்பா அடிப்பார். கடைசியில் வாட்சாப்பில் கிடைத்தது. சோதனை முடிந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரருக்கு 'முடிஞ்சுது' என்று அனுப்பியிருக்கிறேன், 4.52. அதற்கு முன்னால் நுழைவாயிலில் நின்றபோது தம்பிக்கு அம்மாவின் போட்டோ அனுப்பியது 4.31. இடையில் இருபத்தொரு நிமிஷம். கேமராவில் தேட அது போதும்.

வீடியோ எடுத்திருக்கலாமே என்று மைனி கேட்டாள். சோதனை நடக்கும் இடத்தில் போனைத் தூக்கினால் பேச்சு அம்மாவை விட்டு என் போனுக்குத் தாவியிருக்கும்.

விமானக் கம்பெனியிலிருந்து பதில். பாதுகாப்புச் சோதனை எங்கள் பொறுப்பில் இல்லை என்று. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் தப்பான கதவைத் தட்டியிருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

மனு இப்போது ஒன்பது வரி. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியது, இங்கே தமிழிலேயே குறித்து வைக்கிறேன்:

ஜனவரி 3, 2025, மாலை 4.31-க்கும் 4.52-க்கும் இடையில். உள்நாட்டுப் புறப்பாடு, பாதுகாப்புச் சோதனை, இடமிருந்து மூன்றாவது வரிசை, பெண்கள் மறைப்பு. என் தாய், வயது 68, இரு முட்டியும் மாற்று அறுவை செய்தவர், ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினார். கடிதம் படிக்கப்படவில்லை. சேலையை முட்டிக்கு மேல் உயர்த்தச் சொன்னபோது திரை மூடப்படவில்லை. அதன் மூன்று வளையங்கள் கழன்றிருந்தன. மூடக் கேட்டபோது அதட்டப்பட்டேன். சோதனையை நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. கேமராப் பதிவு அழியும் முன் பார்க்கவும், திரையைச் சரிசெய்யவும், செய்ததை எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

எட்டாவது வரி பெரியப்பாவுடையது. அந்த ஒரு வரிக்காகவே மற்றதையெல்லாம் நம்புவார்கள் என்கிறார்.

விமானப் பயணக் குறைகளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் ஏர்சேவா தளத்தில் போட்டேன். போர்டிங் பாஸ், கடிதம் இரண்டையும் இணைத்தேன். ஒரு எண் வந்தது. அதைக் காலண்டரில் எழுதி வைத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

புகார் 'முடிக்கப்பட்டது' என்று வந்திருக்கிறது. உங்கள் பெட்டிகள் தாமதமானதால் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம்.

எந்தப் பெட்டி!

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அம்மா முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேங்காய் திருவினாள். பக்கத்து வீட்டு அக்கா கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்துக்குக் கூப்பிட்டாள், திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, ஊரே போகிறது. படகுக்கு வரிசையில் நிற்க வேண்டுமே என்றாள் அம்மா. வரிசை என்ற சொல்லைச் சொல்லும்போது சேலை முந்தானையை இழுத்துக்கொண்டாள். நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 16, வியாழன்

பெட்டி விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "தப்பான பதில் வந்தா அது நமக்கு லாபம் மக்களே. வாசிக்கவே இல்லேன்னு அவனே எழுதிக் குடுத்துட்டான்."

இன்று சிபிகிராம்ஸில் போட்டோம், மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளம். அமைச்சகத்தின் இடத்தில் சிவில் விமானப் போக்குவரத்து. அதே ஒன்பது வரி, மேலே பத்தாவதாக ஒன்று: 'இன்ன எண்ணுள்ள புகாருக்கு வந்த பதில் பெட்டி தாமதம் பற்றியது, என் புகார் அது அல்ல.' பழைய பதிலையும் இணைத்தாயிற்று. போன ஆகஸ்டிலிருந்து இங்கே 21 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் முடித்ததிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம்.

அதுவும் சரிப்படாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய் கட்டணம். பெரியப்பா இப்போதே மனு எழுதி வைத்துவிட்டார். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்கக் கூடாதாம், காரணம் தகவல் ஆகாது. "என் புகார் எண்ணின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்" என்று கேட்க வேண்டும். பாதுகாப்புப் படைகள் பலவற்றுக்கு அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது, மனித உரிமை மீறல், ஊழல் குற்றச்சாட்டு தவிர. அதனால் சோதனை செய்யும் படையிடம் கேட்காமல் அமைச்சகத்திடம் கேட்பதுதான் சுருக்கு வழி என்று ஒரு தனிக் குறிப்பும் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது.

ஜனவரி 30, வியாழன்

மதியம் ஒரு போன். ஆங்கிலத்தில் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். மூன்றாவது வரிசை என்பது நுழையும் பக்கத்திலிருந்தா, விமானம் ஏறும் பக்கத்திலிருந்தா என்று கேட்டார். நுழையும் பக்கத்திலிருந்து என்றேன். அம்மா என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார் என்று கேட்டார். கத்தரிப்பூ நிறச் சேலை. "பார்த்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுத்தில் அனுப்புகிறோம் என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 5, புதன்

பதில் வந்தது. இரண்டு பத்தி. பதிவைப் பார்த்தோம், மறைப்பு முழுமையாக மூடப்படாதது தெரிகிறது, அந்தப் பணியாளருக்கு உரிய அறிவுரை வழங்கப்பட்டது, மூத்த பயணிக்கு நேர்ந்த சங்கடத்துக்கு வருந்துகிறோம். பெட்டி இல்லை.

சாயங்காலம் அம்மாவுக்குத் தமிழில் வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டாள்.

"அந்தத் துணிய மாத்துனாங்களாமா?"

திரும்பவும் தேடினேன். அறிவுரை இருக்கிறது, வருத்தம் இருக்கிறது. திரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"மூணு வளையந்தானே மக்களே. ஒனக்கு அடுத்தாப்ல நின்னாளே, வயித்துப் பிள்ளைக்காரி, அவளுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?"

எனக்குப் பின்னால் அப்படி ஒருத்தி நின்றதையே நான் பார்க்கவில்லை.

மேல்முறையீட்டுக்கு மார்ச் முதல் வாரம் வரை நாள் இருக்கிறது. இன்று இரவே போட்டுவிட்டேன், ஒரே வரி: மூன்றாவது வரிசைப் பெண்கள் மறைப்பின் திரைச்சீலை எந்தத் தேதியில் சரிசெய்யப்பட்டது?