எடைக்கு முன்பே இறங்கும் சர்க்கரை

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையை இன்னும் பலர் அழகு சார்ந்த விஷயமாகவே பார்ப்பது எனக்கு வருத்தம்தான். இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இணைக்கும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை) செய்துகொண்ட நீரிழிவுக்காரர்கள் பலருக்கு, எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது. உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 ஹார்மோன் அதிகம் சுரந்து, இன்சுலினைத் தூண்டிவிடுகிறது. ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, கொழுப்புக் கல்லீரல் எல்லாமே பெரும்பாலும் தணிகின்றன.

ஆனால் நிரந்தரத் தீர்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்வீடனில் நடந்த நீண்டகால ஆய்வில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட நீரிழிவுக்காரர்களில் 2 ஆண்டுகளில் 72 சதவீதம் பேருக்கு நீரிழிவு தணிந்திருந்தது. 10 ஆண்டுகளில் அது 36 சதவீதம். அப்புறம், பி12, இரும்புச்சத்து மாத்திரைகள் பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும். நீரிழிவு முற்றி, இன்சுலின் ஊசிக்குப் போகும் முன் செய்துகொண்டால் பலன் அதிகம். கடைசி வழி என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள்.