நாலு வாரம், ஒரே எலெக்டிவ்

மார்ச் 22, 2025

நேற்று இரவு 9.30க்கு அமெரிக்க மேட்ச் முடிவு வந்தது, டாக்டர்களுக்கு ரெசிடென்சி என்ற மேற்பயிற்சி இடங்களை ஒதுக்கும் முடிவு. சீனியர் அக்காவுக்கு சர்ஜரியில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் ப்ரிலிம். கேட்டகாரிக்கல் என்றால் ஐந்து வருடப் பயிற்சி முழுவதும் கைக்கு வந்தமாதிரி. ப்ரிலிம் ஒரே வருடம். அப்புறம் மறுபடி இடம் தேட வேண்டும்.

"ஸ்கோர் இருந்துச்சுடி, என் வேலையைப் பக்கத்துல நின்னு பார்த்த சர்ஜனோட சிபாரிசு லெட்டர்தான் இல்ல" என்றார். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு அங்கே போனவர் அவர். பட்டம் வாங்கியபின் கிடைப்பது பெரும்பாலும் அப்சர்வர்ஷிப்தான், நோயாளியைத் தொட முடியாது. நேரத்துக்கு வந்தார், ஆர்வம் காட்டினார் என்பதற்கு மேல் அங்கே இருக்கும் சர்ஜன் என்ன எழுதுவார்? அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் முதல் கட்டமான ஸ்டெப் 1க்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண்ணே கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்தான். ஸ்டெப் 2 ஸ்கோரும் கடிதங்களும்தான் பேச வேண்டும். நான் மாணவியாக இருக்கும்போதே எலெக்டிவுக்கு, அதாவது மாணவர்கள் அங்கே நோயாளிகளைப் பார்த்து வேலை செய்யும் குறுகிய பயிற்சிக்கு, போயாக வேண்டும்.

ஏப்ரல் 13

கல்லூரியில் நாலு வாரம்தான் அனுமதி. அட்டெண்டன்ஸ் இடிக்கிறது.

அப்பாவுக்குப் பெரிய பெயருள்ள மருத்துவமனை வேண்டும். எனக்கும் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை மேல் ஆசைதான். ஆனால் அந்தத் தியேட்டரில் சர்ஜனுக்கும் மாணவிக்கும் நடுவே ஃபெல்லோ, சீனியர் ரெசிடென்ட் என்று வரிசையே நிற்கும். நாலு வாரமும் பின்வரிசையில் நின்றுவிட்டு வர நான் தயாரில்லை.

அக்யூட் கேர் சர்ஜரி எடுக்கப் போகிறேன். குடல்வால், பித்தப்பை, குடலில் ஓட்டை, நடுராத்திரி அடிபட்டு வருகிறவர்கள். இங்கே ஜி.எச். கேஷுவாலிட்டியில் பெர்ஃபரேஷன், அதாவது குடலில் ஓட்டை, நிறையப் பார்த்திருக்கிறேன். வயிற்றில் கை வைத்து, கதையைக் கேட்டு, ரவுண்ட்ஸில் தெளிவாகச் சொல்ல எனக்கு வரும். தெரிந்த வேலையைக் காட்டுகிற இடம்தான் எனக்கு வேண்டும்.

மே 4

ராத்திரி முழுக்க ஒவ்வொரு மருத்துவமனையின் ரெசிடென்ட் பட்டியலையும் பார்த்தேன். முதல் வருடத்தில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அவர்கள் ப்ரிலிமாக இருக்கலாம். மூன்றாம், நான்காம் வருடத்தில் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பெயர்பெற்ற பல இடங்களில் மேல் வருடங்களில் ஒருவர்கூட இல்லை. நடுத்தர ஊர்களில் உள்ள சில மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். அவைதான் என் பட்டியல்.

ஜூன் 19

காகித வேலை. ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி அளவு, டீன் கடிதம், சிகிச்சையில் தவறு நேர்ந்தால் காக்கும் மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ். காசநோய்க்குத் தோல் பரிசோதனை வேண்டாம், ரத்தப் பரிசோதனைதான் என்று முடிவு செய்தேன், நாமெல்லாம் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டவர்கள், தோலில் தவறாக பாசிட்டிவ் காட்டலாம்.

ஆகஸ்ட் 2

இடம் கிடைத்துவிட்டது! நவம்பரில் நாலு வாரம், அக்யூட் கேர் சர்ஜரி. ஊர் பெயரைக் கேட்டு அப்பா மேப்பில் தேடினார். நான் அந்த மேல்வருட ரெசிடென்ட்கள் படித்த கல்லூரிகளைக் காட்டினேன். "சரி, போ" என்றார்.

அடுத்து பி-1 விசா நேர்காணல். கடிதத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட மாட்டேன். மூன்றாவது வாரத்திலேயே, என் கேஸ்களை நேரில் பார்த்த சர்ஜனிடம், எனக்காக வலுவாக எழுத முடியுமா என்று கேட்பேன். தயங்கினால் வேறொருவரைக் கேட்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்.