ஜிம் கூப்பனுக்கு முன்னால் எண்ணெய் டின்னை எண்ணுங்கள்

ஆபீஸில் தொப்பை கூடுகிறது என்றதும் ஹெச்.ஆர். கையில் எடுப்பது எடைக்குறைப்புப் போட்டி. மூன்று மாதம், பரிசு ஸ்மார்ட் வாட்ச். கடைசி வாரம் சிலர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து மெஷினில் ஏறுவார்கள். பரிசு வாங்கிய கையோடு எடையும் திரும்பிவிடும். உண்மையிலேயே எடை அதிகமானவர் பெயரே கொடுக்கமாட்டார். தன் எடை வாட்ஸப் குரூப்பில் வரும் என்று அவருக்குத் தெரியாதா?

கேன்டீன் கணக்கு நோட்டை எடுங்கள். 200 பேர், 22 நாள் மதியச் சாப்பாடு என்றால் 4,400 தட்டு. மாதத்தில் 15 கிலோ டின் ஆறு காலியாகியிருந்தால் 90 கிலோ எண்ணெய். மிஞ்சிப்போய்க் கொட்டியதைக் கழிக்காவிட்டால் தட்டுக்கு 20 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியோ, 2,000 கலோரிக்கு நாள் முழுவதற்குமே 27 கிராம்தான் என்கிறது.

சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை. தட்டுக்கு இவ்வளவு என்று அடிமாட்டு ரேட் பேசினால், காண்ட்ராக்டர் சோற்றையும் அப்பளத்தையும் வைத்துத்தான் வயிற்றை நிரப்புவார். காய்க்கு விலையும் அதிகம், நறுக்க ஆளும் வேண்டும். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: சமைத்த காய் தட்டுக்கு 150 கிராம், தினம் ஒரு சுண்டலோ முட்டையோ. அதற்கான காசையும் ஏற்றிக் கொடுங்கள். வரிசையில் பொரியலும் கூட்டும் முதலில், சோறு கடைசியில். பொரியலுக்குப் பெரிய கரண்டி போடுங்கள். டீஸ்பூனை வைத்துக்கொண்டு 150 கிராம் பரிமாற முடியாது.

நாலு மணிக்கு பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் என்று சர்க்குலர் விடுவது சுலபம். மூன்றாம் நாள் பஜ்ஜி திரும்ப வந்து நிற்கும். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட வேண்டும், போட ஆளில்லை, அவ்வளவுதான் காரணம். இரவு ஷிப்டில் ஒருவர் பெயரை எழுதி அந்த வேலையைக் கொடுங்கள். மறந்துபோனால் ஊறாமலே குக்கரில் வேகிற பாசிப்பயறு கைவசம் இருக்கட்டும்.

டீ மெஷின் இன்னொரு வில்லன். பிரீமிக்ஸ் பவுடரில் பெரும்பாலும் சர்க்கரை கலந்தே வரும். 'சுகர் கம்மி' என்று யாரும் கேட்க முடியாது. கப்புக்கு 10 கிராம் என்றாலும் நாலு கப்புக்கு 40. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. சர்க்கரையில்லா பவுடர் வாங்கி, பக்கத்தில் சர்க்கரை டப்பா வையுங்கள்.

பரிசோதனை வைத்தால் எடையோடு இடுப்பையும் அளக்க வேண்டும். பேண்ட் நிற்கிற இடத்தில் டேப் வைத்தால் தொப்பை தப்பித்துக்கொள்ளும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு. நம்மவர்களுக்கு எல்லை ஆண் 90, பெண் 80 செ.மீ. கதவு சாத்திய அறையில் நர்ஸ் அளக்கட்டும். நிர்வாகத்துக்கு மொத்த எண்ணிக்கை மட்டும் போதும், பெயர் வேண்டாம்.

'லிஃப்ட் வேண்டாம், படியேறுங்கள்' என்று போஸ்டர் ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். பல கட்டடங்களில் படிக்கட்டுக் கதவு ஆபீஸ் உள்ளிருந்து மட்டும்தான் திறக்கும். மூன்றாம் மாடிவரை மூச்சுவாங்க ஏறியவர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். மாடிக்கு மாடி கார்டு ரீடர் வையுங்கள், பல்பு மாற்றுங்கள். செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து மட்டும் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் புகை ஏறும் வழி அதுதான்.