மூன்று நட்டுவக்காலிகளுக்கு எத்தனை பெட்டி?

2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

மருமகன் பிஸ்கட் டின் ஒன்றோடு வந்தான். பாதுக்கையில் சிநேகிதன் வீட்டுப் பழைய கருங்கல் மதிலை இடித்தபோது வெளியே வந்த மூன்று நட்டுவக்காலிகள், பெரிய கறுப்புத் தேள்கள், உள்ளே. வேலையாட்கள் மண்வெட்டியால் அடிக்கப் போக, இவன் மறித்து எடுத்திருக்கிறான். கொட்டாஞ்சேனையில் அவனுடைய அம்மா டின்னை வாசற்படி தாண்ட விடவில்லை. "மாமி, உங்கட சின்ன அறையில கொஞ்ச நாள் வைப்பமே?" என்றான். ஓம் என்றேன்.

நல்ல கறுப்பு, வெளிச்சத்தில் பச்சை மினுக்கம். இடுக்கி பெருத்து வால் மெலிந்த வகை. கொட்டினால் குளவி கொட்டியது போல் கடுக்கும், பெரும்பாலும் அதற்கு மேல் போகாது. ஆசியக் காட்டுத்தேள்களை 2020இல் மீள வகைப்படுத்தியபோது இலங்கைக்குரிய பலவற்றை ஹெட்டெரோமெட்ரஸிலிருந்து பிரித்து ஸ்ரீலங்காமெட்ரஸ் என்ற பேரினத்தில் வைத்தார்கள். இவையும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

முதல் வேலையாக, பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் திணைக்களத்துக்கு விவரம் எழுதச் சொல்லியிருக்கிறேன். திருப்பி விடச் சொன்னால் விடுவதுதான். 2020 ஜனவரியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் 200 உயிர்த்தேள்களைப் பயணப்பொதிக்குள் கொண்டுபோன ஒருவர் பிடிபட்டதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். இந்தப் பிராணிகளுக்குச் சட்டமும் உண்டு, சந்தையும் உண்டு. படத்தை முகநூலில் போட்டு இடத்தைச் சொல்லாதே என்றேன்.

ஒக்டோபர் 7, திங்கள்

இரவோடிரவாக மூன்றையும் மூன்று ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். காலையில் அவன் கேட்ட முதல் கேள்வி: "டின்னுக்குள்ள ஒண்டாத்தானே இருந்தது, சண்டை பிடிக்கேல்லையே?"

பிடிக்கவில்லை. பயந்துபோன தேள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதை நட்பென்று எடுக்கக் கூடாது.

அவன் இணையத்தில் பார்த்தவை ஆபிரிக்காவின் எம்பரர் தேள்கள். பெரியவை, 20 சென்ரிமீற்றர் வரை வளரும், மற்றத் தேள்களை விடப் பொறுமைசாலிகள். அவற்றைச் சேர்த்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. தென்னிந்தியக் காட்டுத்தேள் ஒன்றிலும் தாயும் பிள்ளைகளும் ஒரே வளைக்குள் நெடுநாள் சேர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது ஒரு குடும்பம், ஒரு வளை. எங்கள் மூன்றும் ஒரே மதிலின் வெவ்வேறு பொந்துகளிலிருந்து வந்தவை, அளவிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம். பெரும்பாலான தேள் வகைகளில், எதிரே வரும் சிறிய தேள் இரைதான். பொறுமையான வகையிலும் பசியோ இடநெருக்கடியோ வந்தால் பொறுமை முடிந்துவிடும். தோலுரித்து உடம்பு மெத்தென்றிருக்கும் நேரத்தில் பக்கத்தில் இன்னொன்று இருந்தால் அது தப்பாது.

ஒக்டோபர் 12, சனி

விடாத மழை. கடுவெல, கொலன்னாவைப் பக்கமெல்லாம் வெள்ளம். மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் இருவரும் காலி வீதி மீன்கடைக்குப் போனோம். அவனுக்கு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் கண் விழுந்துவிட்டது. உயரமான செடி வைக்கலாம், மரக்கிளை வைக்கலாம், மூன்றையும் ஒன்றாய்ப் பார்க்கலாம்.

நான் பார்த்தது அடித்தளத்தை மட்டும்தான். இது மண்ணுக்குள் வாழும் பிராணி. உயரம் அதற்குத் தேவையில்லை, ஆபத்தும்கூட. வெறுங்கண்ணாடியில் ஏற மாட்டாது, ஆனால் மூலையில் பூசியிருக்கும் சிலிக்கனைப் பிடித்து ஏறப் பார்க்கும், விழுந்தால் வயிறு வெடிக்கலாம். ஆகவே மண் ஆழமாகவும், மண்ணுக்கு மேல் வெறும் இடம் குறைவாகவும் இருக்க வேண்டும்.

நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தால் என்ன என்று கடைக்காரர் கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். அடிக்கண்ணாடியோடு ஒட்டாத தடுப்பென்றால் கீழால் தோண்டிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விடும். ஒட்டினாலும் ஒரு பக்கம் நனைந்தால் மற்றப் பக்கத்தைக் காய வைப்பது பாடு. தொட்டி வாங்காமல் புறக்கோட்டைக்குப் போய், மூடி கிளிப்போடு பூட்டும் தெளிவான பிளாஸ்ரிக் பெட்டிகள் மூன்று வாங்கினோம். ஒவ்வொன்றின் தளமும் ஏறக்குறைய 40க்கு 28 சென்ரிமீற்றர், உயரம் 25. பஸ்ஸில் திரும்பும்போது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. பார்ப்பதற்கு வைத்திருக்கிறோமா, அது வாழ்வதற்கு வைத்திருக்கிறோமா என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, பெட்டிகளை மடியில் வைத்துக் கவனமாகப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

பெட்டி வேலை. சூடேற்றிய ஈயப்பற்றுக்கோலால் எதிரெதிர்ப் பக்கங்களில் வரிசையாகத் துளை போட்டோம். புகை மணக்கும், ஆகவே பல்கணியில் வைத்து. துளை இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது என்று நான் நிற்க, ஏன் அவ்வளவு சின்னது என்று அவன் கேட்டான். மூன்றிலும் பருத்த தேளின் பக்கவாட்டுத் தோல் தகடுகளுக்கிடையே வெளிறி விரிந்திருப்பதைக் காட்டினேன். சினைப்பட்டிருக்கலாம். குஞ்சு வந்தால் பெரிய துளை வாசலாகிவிடும்.

மூடிக்குக் கம்பி வலை வைக்கலாம்தான். ஆனால் வெள்ளவத்தையில் கடற்காற்றுக்குச் சாதாரணக் கம்பி ஒரு பருவம் தாங்காது. வலை வேண்டுமென்றால் துருப்பிடிக்காத உருக்கு வலைதான்.

மண்: தும்புத்தூள் மூன்று பங்கு, செம்மண் ஒரு பங்கு. வெளிநாட்டில் ஊர்வன வளர்ப்பவர்கள் கட்டிகட்டியாக வாங்கும் தும்புத்தூளில் கணிசமான பகுதி எங்கள் தென்னையிலிருந்து போகிறது. இங்கே மூடையாகக் கிடைக்கும். தும்புத்தூள் மட்டும் போட்டால் வளை இடிந்துவிடும், செம்மண்தான் அதைப் பிடித்து வைக்கும். கைநிறைய அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் 15 சென்ரிமீற்றருக்கு அழுத்தி நிரப்பினோம். அவன் கொண்டுவந்த தட்டைக் கல்லை மண்ணுக்கு மேல் வைக்கப் போனான். கல்லைப் பெட்டியின் அடியிலேயே ஊன்றி வைத்துவிட்டு மண்ணை அதைச் சுற்றிப் போட வேண்டும். மேலே வைத்தால் கீழே தோண்டும் தேளின் மீது அது இறங்கிவிடும்.

ஒளிந்திருக்க ஆளுக்கொரு சிரட்டை, வாயோரம் உடைத்துக் கவிழ்த்தது. தண்ணீருக்குப் போத்தல் மூடி. நீண்ட சாவணத்தின் முனையில் ஸ்பொன்ச் சுற்றி ஒவ்வொன்றாக இறக்கினோம். பெரியது உள்ளே போனதும் இரண்டு இடுக்கியையும் முன்னே நீட்டி, ஓரமெல்லாம் தடவிக்கொண்டு ஒரு சுற்று வந்தது. வயிற்றின் கீழ் இரண்டு சீப்புப் போல் தொங்கும் உறுப்பு மண்ணைத் தொட்டுத் தொட்டுப் போனதைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தோம். நிலத்தின் மணத்தையும் சொரசொரப்பையும் அதனால்தான் அறிகிறது. பிறகு சிரட்டைக்குள் போய் மண்ணைக் காலால் வெளியே தள்ளத் தொடங்கியது. மருமகன் அந்த இடத்தை விட்டு எழும்பவேயில்லை. மூன்றடித் தொட்டியைப் பற்றி அதற்குப் பிறகு அவன் கதைக்கவில்லை.

ஒக்டோபர் 19, சனி

எறும்பு. மழைக்கு வீட்டுக்குள் ஏறுகிறது. தட்டு மேசையின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்துக்குள் இறக்கியாயிற்று, அம்மா அந்தக் காலத்தில் சமையலறை அலுமாரிக்குச் செய்தது போல.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் சூடேற்றும் விரிப்பு வாங்கு, ஈரமானி வாங்கு என்று இருக்கும். கொழும்பில் அறை வெப்பமே 28, 30 பாகை. ஈரம் கேட்காமலே வரும். இங்கே கவலைப்பட வேண்டியது பூஞ்சணம்தான். ஆகவே தெளிப்பதில்லை, ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுகிறேன். அடிமண் ஈரமாகவும் மேல்மண் காய்ந்தும் இருக்கிறது. ஏசி போடும் அறையில் வைப்பவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே காய்ந்துவிடும்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

டெங்குப் புகை அடிக்க வருவதாகக் கீழ்வீட்டு அன்ரி சொன்னார். நுளம்பைக் கொல்லும் மருந்து தேளையும் கொல்லும். யன்னல் சாத்தி, பெட்டிகளைப் பாய்த்துணியால் மூடி, குளியலறைக்குள் வைத்துக் கதவிடுக்கில் ஈரத்துவாய் அடைத்தேன். புகை அடங்கி, காற்று மாறிய பிறகுதான் வெளியே எடுத்தேன். அந்த அறையில் இனி நுளம்புச்சுருளும் இல்லை, ஸ்பிரேயும் இல்லை. இரையும் அப்படித்தான்: சமையலறையில் பிடிக்கும் கரப்பான் வேண்டாம், அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ. பறவைக்கடை மாவுப்புழுவை இன்னொரு போத்தல் மூடியில் போடுகிறோம், கிழமைக்கு ஒரு தடவை போதும். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், மண்ணுக்குள் புகுந்தால் தோலுரிக்கும் தேளைக் கடிக்கும்.

நவம்பர் 2, சனி

தீபாவளிக்கு ஊருக்குப் போன சிநேகிதன் யாழ்ப்பாணத்திலிருந்து சின்னச் சிவப்புத் தேள் ஒன்று கொண்டுவந்து தரலாம் என்கிறானாம். மருமகன் ஆசையோடு கேட்டான். மறுத்துவிட்டேன், கடுமையாகவே. மெல்லிய இடுக்கி, தடித்த வால். அது ஹொட்டன்டோட்டா தமுலஸ். இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும் நஞ்சு, யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் விட்டுப் பிரசோசின் கொடுத்து மருத்துவம் செய்யும் கொட்டு. சின்னப் பிள்ளைகள் உள்ள மாடிவீட்டில் அதற்குப் பொருத்தமான பெட்டி என்று ஒன்று கிடையாது. கறுப்பு வகை கொட்டினாலும் அலட்சியம் வேண்டாம் என்பதால், தேசிய வைத்தியசாலையின் நச்சுத் தகவல் நிலைய இலக்கத்தை அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

நவம்பர் 9, சனி

பெரியது ஈன்றுவிட்டது! விடிய நாலரைக்குப் பார்க்கும்போது சிரட்டையின் வாயில் நின்று, முன்கால்களைக் கூடை போல மடித்துக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, அரிசியை விடக் கொஞ்சம் பெரிய குஞ்சுகள் ஒவ்வொன்றாக அந்தக் கூடைக்குள் விழுந்து, காலைப் பிடித்து முதுகுக்கு ஏறின. ஒன்று தவறி மண்ணில் விழுந்தது. தாய் அசையாமல் நின்றது, அது தானே தடவித் தடவி வந்து காலில் ஏறிக்கொண்டது. தேள் முட்டையிடுவதில்லை, குஞ்சைத்தான் ஈனும் என்று பிள்ளைகளுக்கு எத்தனை வருடமாகப் படிப்பிக்கிறேன். கண்ணால் கண்டது இன்றுதான்.

மருமகனைத் தொலைபேசியில் எழுப்பினேன். முச்சக்கரவண்டி பிடித்து வந்துவிட்டான். குரலைத் தாழ்த்தி அவனே சொன்னான்: "மற்ற ரெண்டும் இதுக்குள்ள இருந்திருந்தா?" தின்றிருக்கும், அல்லது தாயே பதற்றத்தில் தன் குஞ்சுகளைத் தின்றிருக்கும். பெட்டியைத் தட்டக்கூட வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டாம் என்று துணி போட்டுவிட்டோம். தண்ணீர் மட்டும் மூலைத் துளை வழியாக.

நவம்பர் 23, சனி

குஞ்சுகள் தாயின் முதுகிலேயே முதல் தோலை உரித்துவிட்டன. நிறம் தவிட்டுக்கு மாறியிருக்கிறது. புறஊதா விளக்கை ஒரு கணம் அடித்துப் பார்த்தோம். தாய் எப்போதும் போல நீலப்பச்சையாய் மின்னியது, பிறந்தபோது மின்னாத குஞ்சுகளும் இப்போது மங்கலாய் மின்னுகின்றன. இரண்டு மூன்று கீழே இறங்கித் திரும்பவும் ஏறின.

இவற்றைத் தாயோடு விடலாம், இந்த வகையில் அது பொறுக்கும். ஆனால் அடுத்த தோலுரிப்புக்குப் பிறகு அளவு வித்தியாசம் வரத் தொடங்கும், அப்போது பிரிப்போம். சின்னத் தயிர்க்கோப்பைகளை மருமகன் சேர்க்கத் தொடங்கிவிட்டான். துளையை ஊசியால் போடச் சொல்லியிருக்கிறேன். திணைக்களத்துக்கு எழுதிய விவரத்தில் குஞ்சுகளையும் சேர்த்து இரண்டாவது கடிதம் நாளைக்கு எழுத வேண்டும். தும்புத்தூளும் முடிந்துவிட்டது, இன்னொரு மூடை வாங்க வேண்டும்.